ஏழு நிமிடம்

சுவா மாநாட்டு அரங்கில்
மஞ்சள் அட்டை காட்டுவது என் வேலை.
ஒரு நிமிடம் பாக்கி என்று பொருள்.

பேராயர்கள் அட்டைக்குப் பணிவதில்லை.
தாழ்மையைப் பற்றிப் பேசியவர்
"மெரேசெய்னி, இன்னும் கொஞ்சம்" என்று
என் பெயர்ப்பட்டையைப் படித்துக் கெஞ்சினார்.
இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

கிரிபாஸ் தீவுப் போதகர் தெக்கினைத்தி
மேடையேறி ஒன்றும் பேசவில்லை.
பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்த புட்டியைத் திறந்து
தலைவரின் குவளையில் ஊற்றினார்.

பேராயர் ஹால்வார் ஒரு வாய் குடித்தார்.
முகம் கோணியது.
துப்ப இடம் தேடி, கேமராக்களைப் பார்த்து,
விழுங்கிவிட்டார்.

"எங்கள் ஊர்க் கிணறு.
போன பெந்தெகொஸ்தே வரை இனித்தது."
இறங்கிப் போய் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் மிச்சம்.
மொழிபெயர்ப்பாளர்கள் சும்மா இருந்தார்கள்.
கையில் அட்டையோடு நான்,
யாருக்குக் காட்டுவதென்று தெரியாமல்.