பாலை

என் வேலை ஒரு பலகை.
ஒரு பக்கம் சிவப்பு: நில்.
மறுபக்கம் பச்சை: போ.
ஒட்டுசுட்டானில் இருந்து நெடுங்கேணிக்குப் போகிற றோட்டில்
பாதி தார், பாதி கிரவல்.
ஒரு முனையில் நான், மறுமுனையில் தவமேரி,
நடுவில் முந்நூறு மீற்றர் புழுதி.

நில் என்று திருப்பினால்
ஒருத்தரும் என்னிடம் வந்து நிற்பதில்லை.
முப்பதடி பின்னால்
பாலைமரத்தின் நிழல் முடிகிற இடத்தில் நிற்கிறார்கள்.
முதலில் வந்த மோட்டார்சைக்கிள்,
அதன் முதுகோடு ஒட்டினபடி அடுத்தது,
மீன்பெட்டி கட்டின செபமாலை.
கல்லு லொறிதான் பாவம்,
மூக்கை நிழலுக்குள் வைத்து
மிச்ச உடம்பை வெயிலில் விட்டு உறுமும்.
எனக்கும் அவர்களுக்கும் நடுவே
யாரும் உரிமை கேட்காத
ஒரு துண்டு வெயில்.

என்ஜினியர் நிமலதாசன்
பிக்கப்பின் கண்ணாடியை நாலு விரல் இறக்கி
கோட்டில நிப்பாட்டும் பிள்ளை என்றார்.
ஒரு கிழமை கத்திப் பார்த்தேன்.
பிறகு கோட்டை நானே மறந்துவிட்டேன்.

காலையில் நிழல் றோட்டுக்கு.
பன்னிரண்டுக்கு மரத்தடிக்கே சுருங்கும்,
அப்போதுதான் ஆட்கள் ஆட்களோடு கதைப்பார்கள்.
எந்த இடம்?
கற்சிலைமடு.
கற்சிலைமடுவில ஆற்றை மகன்?
நான் பலகை திருப்பப் பிந்தியதால்
ஒரு சீட்டுக்காசுச் சண்டை அங்கே தீர்ந்திருக்கிறது,
ஒரு கலியாணப் பேச்சு தொடங்கியுமிருக்கிறது.
மூன்று மணிக்கு நிழல் வேலி தாண்டி வயலுக்குள் போகும்.
மாடுகள் வந்து பொறுப்பெடுக்கும்.

பத்தாம் வகுப்புத் தவணைச் சோதினையில்
ஐந்திணை வந்தது.
பாலை: நீரும் நிழலும் அற்ற நிலம்
என்று எழுதினேன்.
இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம்,
பாலைமரத்தின் கீழ் வாங்கு.
பழமொன்று விழுந்து
என் தாளும் யாழ்வதனியின் தாளும் ஒட்டிக்கொண்டன.
பிரிக்க முடியாமல் ரீச்சர்
இரண்டுக்கும் ஒரே புள்ளி போட்டார்.
வதனி அடுத்த தவணைக்கு வரவில்லை.

வைகாசியில் மரத்துக்கு வெள்ளை அடித்து
அதன்மேல் சிவப்புப் பெயின்றால் 41 என்று எழுதினார்கள்.
பழக்காலம் முடியட்டும் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
நானும்தான் கேட்கவில்லை.
எனக்கு நாட்சம்பளம்.

அல்போன்சின் வாள்
நெஞ்சுயரத்தில் எதையோ கடித்தது.
சங்கிலி அறுந்தது.
புதுச் சங்கிலி போட்டான், அதுவும் அறுந்தது.
உளியால் கிண்டி
விரல்நீள இரும்பொன்றை எடுத்து
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
சேட்டுப் பைக்குள் போட்டான்.
எந்த ஆண்டு என்று
வரிசையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விழுந்த கொப்பெல்லாம் பழம்.
ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பொறுக்கினார்கள்.
செபமாலை எனக்கும் ஒரு கை கொண்டுவந்தான்,
மீன்பெட்டி மூடியில்.
மீன் மணத்த பழம். தின்றேன்.
பாலில் உதடு ஒட்டி
கொஞ்ச நேரம்
போ என்று கத்த முடியவில்லை.

இப்போது எல்லோரும் கோட்டிலேயே நிற்கிறார்கள்.
என்ஜினியருக்குச் சந்தோசம்.
எந்த இடம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை,
பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
அன்றைக்கு விடைத்தாளில் எழுதினது
இன்றைக்குத்தான் சரி, ரீச்சர்.

பலகைக்கும் ஒரு நிழல் உண்டு,
சாப்பாட்டுத் தட்டளவு.
மத்தியானம் செபமாலை வந்தால்
ஐஸ் கரைகிற பெட்டிக்கு மேலே
அதைப் படுக்கையாகப் பிடிக்கிறேன்.
அப்படிப் பிடித்தால்
சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது.
அந்த முனையில் இருந்து தவமேரி
வோக்கியில் கேட்கிறாள்:
என்னடி, விடவா, மறிக்கவா?