துருவிலை

கணவாயின் உச்சியில்
நாற்பத்திரண்டு நிமிடம் பஸ் நிற்கும்.
மற்ற ஓட்டுநர்கள் விடுதிக்குள் போய்
பார்லி சூப் குடிப்பார்கள்.
நானும் குடித்தவன்தான்,
உர்சினா காஃப்லிஷ் என்கிற ஆராய்ச்சி மாணவி
மூன்றாவது இருக்கையில்
ஒரு லென்ஸை விட்டுப் போகும் வரை.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி.
சும்மா வைத்திருக்க முடியுமா?
தெருவோரப் புதரில் ஓர் இலையைக் கவிழ்த்தேன்.
மேற்புறம் எண்ணெய் பூசிய பச்சை.
கீழ்ப்புறம் பழைய லொறியின் அடிவயிறு.
துரு என்றுதான் நினைத்தேன்.
பன்னிரண்டு மாரி உப்புத் தெளித்த சாலையில் ஓடியவன்
வேறென்ன நினைப்பான்?
விரலால் தேய்த்தேன். கை சுத்தம்.
லென்ஸில் அது செதில்:
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த
ஆயிரம் வட்டக் குடைகள்.
அவற்றின் நிழலில் இலை மூச்சு விடுகிறது.
தளிரில் மஞ்சளாய் இருந்தது
முற்றி இந்த நிறமாகிறது.

லென்ஸைத் தேடி வந்தவள் கோபிக்கவில்லை.
"தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தீர்களா?"
அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல், வெளிறிய சரிவு.
அதே சிவப்பு மணிப் பூ, அதே முழங்கால் உயரம்,
ஆனால் இலை விளிம்பெல்லாம் மயிர்,
தூக்கம் கலைந்த கண்ணிமை போல.
இந்தப் பக்கம் கருங்கல்;
பெயருக்குத்தான் கருமை, பச்சை ஓடிய கல்.
துருப்பிடித்தவளுக்குச் சுண்ணாம்பு ஆகாது.
புளித்த மண்ணில்
வேரோடு பின்னிய பூஞ்சை நூல்
ஊட்டினால்தான் சோறு.

நடுவில் தார்ச்சாலை, என்னுடைய சாலை.
தடுப்புக் கம்பியின் ஐந்தாம் தூணடியில்
செதிலும் உண்டு,
இமைமயிர் ஏழெட்டும் உண்டு என்று ஒரு புதர்.
"இது எது?"
"இரண்டும்" என்று
அவள் மயிரை எண்ணத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை
ஊதிய இளஞ்சிவப்பு உருண்டை ஒன்றை
மொட்டென்று கொண்டுபோய்க் காட்டினேன்.
பூ அல்ல, பூஞ்சை. சிரித்தாள்.
பூவுக்குள் பார்க்கச் சொன்னாள்:
மகரந்தப் பை பிளப்பதில்லை,
உப்புப் போத்தல் மூடிபோல
நுனியில் இரண்டு துளை.
தூள் நான்கு நான்காய் ஒட்டிக்கொண்டு
பிசின் நூலில் தொங்கி,
தேனீயின் தொடை வரட்டும் என்று நிற்கிறது.
மாடு மட்டும் இதன் பக்கம் வராது. நஞ்சு.

கார்த்திகையில் கணவாய்க்குப் பூட்டு.
கீழே, பள்ளிப்பிள்ளைகளின் தடத்தில் ஓடும்போது
மேலேயுள்ளதை நினைப்பேன்:
பனிக்குள் புதைந்த இலை பிழைக்கும்,
காற்று பனியை வாரிப்போன மேட்டில்
வெளியே தலைநீட்டிய கிளை
வெயிலில் தாகம் எடுத்துச் சாகும்,
வேரடியில் தண்ணீர் கல்லாய் உறைந்திருக்க.
அதனால் புதர் வளர்வது
பனி நிற்கும் உயரத்துக்கே.

பயணிகள் துருவித் துருவிக் கேட்பார்கள்.
எந்த ஊர்? கூர் என்பேன்.
அதற்கு முன்? சியர்ஸ்.
அதற்கும் முன்?
"இறங்கும்போது படி வழுக்கும், கவனம்" என்பேன்.

அவள் கேட்டது வேறு:
உங்கள் மொழியில் இதன் பெயர் என்ன?
கைபேசியில் தேடிச் சொன்னேன்,
நீலகிரியில் இதன் பெரிய உறவொன்று
மரமாய் நிற்கிறதாம், காட்டுப்பூவரசு என்று.
நான் நீலகிரி கண்டவனில்லை.
கிளிநொச்சியில் ஏறி நிற்க
குளக்கட்டை விட்டால் உயரமில்லை.
இதற்குப் பெயரில்லை என்றேன்.
வையுங்களேன் என்றாள்.

பயணச்சீட்டின் பின்புறம் எழுதினேன்: துருவிலை.
எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது,
பழைய செய்யுளில்
இலை என்றால் இல்லை என்றும் பொருள்.
துருப்போன்ற இலை. துரு இல்லை.
அதை விளக்க
என் ஜெர்மனும் போதாது, நேரமும் போதாது.
இரண்டு பதினேழுக்குப் புறப்பட வேண்டும்.

கண்ணாடியில் பார்த்தேன்:
காகித உறையின்மேல், பென்சிலால்,
அவள் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள்,
லை-யின் கொம்பைப் பின்னால் போட்டு.