பதினான்கு நாள்

தோ பாயோ ஏழாம் லோரோங் கடைவரிசையில்
ஒரு தையற்கடை பூட்டிக்கொண்டால்
அடுத்து அங்கே என்ன திறக்கலாம் என்ற கேள்வி
மின்தூக்கி ஏறி என் மேசைக்கு வரும்.
வரைபடம் நாலு படி,
புகைக்குழாயின் உயரம் மில்லிமீட்டரில்,
கடைசியில் கண்ணாடிக் கதவில் ஒரு தாள்:
ஆட்சேபம் இருந்தால்
பதினான்கு நாளுக்குள் எழுதுக.

சாந்தரூபி இட்லி மாவுக்கடை கேட்டிருந்தாள்.
அரைத்தால் ஆலை என்றது ஒரு துறை.
அரைத்ததை விற்றால் கடை என்றது இன்னொன்று.
அங்கேயே ஊற்றி ஒன்றைச் சுட்டுக் காட்டினால்
உணவகம்; விண்ணப்பம் வேறு.
பதினோராம் வாரம் முகப்பில் வந்து நின்றாள்,
மூடிய கடைக்குக் கட்டிய வாடகை ரசீதுகளை
ரப்பர் வளையத்தில் சுருட்டிக்கொண்டு.
"மாவு புளிக்க எட்டு மணி நேரம், மிஸ்.
உங்க கடிதம் புளிக்க எத்தனை நாள்?"

அவள் சிரிக்கவில்லை.
நான் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அட்டவணையைத் திருத்தும் குழுவில்
கையைத் தூக்கி இடம்பிடித்தேன்.
முடிதிருத்தகம், மருந்தகம், சாவி வெட்டுவோர்,
துணைப்பாட நிலையம், மாவு, பலகாரம்
ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளினேன்,
'கேட்கத் தேவையில்லை' என்ற பத்திக்கு.
பதினான்கு நாளையும் நான்தான் அழித்தேன்.
சிவப்புப் பேனாகூட இல்லை, ஒரு விசை.
கீழிருந்த வரிகள் ஏறிவந்து
அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

முதல் விண்ணப்பம் அதே தையற்கடைக்கு.
ஹஸ்புல்லா, பிசாங் கோரேங்.
ஒன்பது நிமிடத்தில் அனுமதி.
கைதட்டினோம், கேக் வெட்டினோம்.
சாந்தரூபிக்குச் சொல்லலாமென்று எண்ணைத் தேடி அழைத்தேன்.
எண் பயன்பாட்டில் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம்.
லிம் சுவீ கியாட், நான்காம் மாடி.
எந்தக் கடை மாறினாலும் எழுதுகிறவர்,
கோடு போட்ட தாளில், அடிக்கோல் வைத்து.
எங்கள் பிரிவில் அவர் ஒரு நகைச்சுவை.
முன்பொரு முறை அவர் சொல்லித்தான்
ஒரு குழாயை ஒரு மீட்டர் தள்ளி வைத்தார்கள் என்பது
பழைய கோப்பில் இருந்தது.
இம்முறை எழுதியிருந்தார்:
வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வந்து
என் மனைவி பிற்பகலில் தூங்குவாள்.
எண்ணெய்ப் புகை உள்ளே வருகிறது.
அறிவிப்புத் தாளைக் கதவில் தேடினேன்.
காணவில்லை. கிழிந்துவிட்டதா?

இதற்குத் தயார் பதில் ஒன்று உண்டு:
தாங்கள் குறிப்பிடும் நடைமுறை
தற்போது நடப்பில் இல்லை.
அனுப்பவில்லை.

மதிய இடைவேளையில் போனேன்,
பணி அட்டையைக் கழற்றிப் பையில் போட்டு.
இரண்டு வெள்ளிக்கு மூன்று துண்டு,
விரல் சுடச்சுடப் பின்சந்துக்கு நடந்தேன்.
குழாயின் வாய் நேராக நான்காம் மாடிக்கு.
அங்கே சன்னல் இடுக்கில் ஈரத்துண்டு செருகியிருந்தது.
ஹஸ்புல்லா அரிகரண்டியோடு பின்னாலேயே வந்தார்.
எந்தப் பக்கம் திருப்பி வைக்கவேண்டும் என்று
யாருமே கேட்கவில்லையே என்றார்.
ஒரு வளைவு போட்டால் சாலைப்பக்கம் போய்விடும்,
நாற்பது வெள்ளி.

யாரும் கேட்கவில்லை.
யாரும் கேட்காதிருக்கத்தான்
ஏழு மாதம் உழைத்திருந்தேன்.

மாலையில் அட்டவணையைத் திறந்து
ஒரே ஒரு வரி செருகினேன்:
புகைக்குழாய் எந்தச் சன்னலைப் பார்க்கிறது?
ஓட்டிப் பார்த்தேன்.
ஒன்பது நிமிடம் பன்னிரண்டு ஆனது.
அந்த மூன்று நிமிடத்துக்கு
நாளைக் கூட்டத்தில் காரணம் காட்ட வேண்டும்.
எழுத உட்கார்ந்தேன்.
இத்தனை முறை கழுவியும் விரலில் எண்ணெய் போகவில்லை,
விசைப்பலகையில் 'ச' வழுக்குகிறது.