இடது தோள்

நிமலரூபன் அயர்லாந்தில் ஏழு வருசம்
மாட்டிறைச்சி ஆலையில் எலும்பு பிரித்தவன்.
அங்கே குளிர்கால இரவுகளில் ஒரு தொடர் போகுமாம்:
வளைந்த மட்டையால் பந்தை
முகிலுக்குள் அடித்த பெரிய ஆட்டக்காரரைப் பற்றி,
அவர்களுடைய சொந்தப் பாஷையில்.
இங்கிலீசில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையாம்.
"ஒரு சொல் விளங்கேல்லையடா.
ஒருத்தன் கதைச்சுக்கொண்டே இருந்திட்டு
தன்ரை முழங்காலைக் குனிஞ்சு பார்த்தான்.
எனக்கு எங்கடை கிளித்தட்டு ஞாபகம் வந்திட்டுது."

அப்படித்தான் தொடங்கியது எங்கள் தொடர்.
கிளிநொச்சியில் ரயர்க் கடைக்கு மேலே ஓர் அறை,
வாடகைக் கமரா, அதைப் பிடிக்க யூட்,
ஒலிவாங்கித் தடியோடு நான்.

நான்காம் பகுதி: ஒட்டுசுட்டான் கனகாம்பிகை.
அவ நடுக்கோட்டில் கிளியாய் நின்றால்
காற்றும் ஒரு தட்டு வாங்கித்தான் போகும் என்று
மூன்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸால் இறங்கி
நேரே கமராவுக்கு முன்னால் வந்து இருந்தா.
நகக்கண்ணில் நீல நூல் தூசி.
பழைய படம் ஏதும் இருக்கோ அக்கா?
"ஆனந்தபுரத்தில தாட்டது.
பிறகு கிண்டிப் பார்க்கேக்கை
பொலித்தீன் மட்டும் கிடந்தது."
சொல்லிவிட்டு, லைட்டைக் கொஞ்சம் தள்ளச் சொன்னா.
கண் கூசுதாம்.

நாற்பத்தியொரு நிமிசம் பேசினா.
தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.
முழுக்க முத்தையன்கட்டுப் பவளராணி.

"இரண்டாயிரத்து நாலு, பள்ளிக்கூட மைதானம்.
அவள் பழமாகித் திரும்பி வாறாள்.
ஒரேயொரு பெட்டிதான் மிச்சம்.
இடது தோளைக் காட்டினாள்.
நான் அந்தப் பக்கம் கையை வீசிப்போட்டன்.
பார்த்தால், ஆள் மற்றப் பக்கத்தால போய்
தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.
இருபது வருசமா அந்தத் தோளைத்தான் யோசிக்கிறன்.
மெசினில இருக்கேக்கையும்.
கொலர் தைக்கேக்கை கூடுதலா."

நிமலரூபன் தலையில் கை வைத்தான்:
"நாயகி வேற நாயகியைப் பற்றியெல்லோ கதைக்கிறா!"

தேடினோம். நெடுங்கேணியில்
கோழிப்பண்ணையோடு அகப்பட்டா பவளராணி.
தீன் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டா:
"ஆர் கனகாம்பிகை? நெடுவல் ஆளோ?
கிளித்தட்டு விளையாடினனான்தான், ஓம்.
அந்த மட்ச்... இல்லைத் தம்பி, ஞாபகமில்லை.
குறை நினையாதேங்கோ."
யூட் கமராவை நிறுத்தினான்.
நிமலரூபன் முப்பது முட்டை வாங்கினான்,
வேறென்ன செய்ய.

பையெல்லாம் கட்டியாயிற்று.
கேற் வரைக்கும் எங்களோடு வந்தா.
இடையில் ஒரு சேவல்,
என்ன கோபமோ, சிறகடித்து அவ மேல் பாய்ந்தது.
இடது தோள் அசைந்தது.
சேவல் அங்கே போனது.
ஆள் இங்கே நின்று
"சனியன்" என்று அதை ஏசிக்கொண்டிருந்தா.

கமரா பைக்குள்.
என் ஒலிவாங்கியை மட்டும் அணைக்க மறந்திருந்தேன்.

அறைக்கு வந்து கேட்டோம்:
மணலில் செருப்பு திரும்பும் சத்தம், ஒரு "சரக்".
பிறகு சிறகுகள். பிறகு "சனியன்."
இரண்டு செக்கன் திரையை இருட்டாக விட்டு
இதைப் போடுவோம் என்றேன்.
"கேபிள் அறுந்திட்டுது எண்டு
சனம் போன் எடுக்குமடா."
எடுக்கட்டும்.

அந்த இரண்டு செக்கனை
கனகாம்பிகையின் போனுக்கு அனுப்பினேன்,
எதன் சத்தம் என்று எழுதாமல்.
அன்றிரவு பதில் இல்லை.
அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் குரல் வந்தது,
பின்னால் யாரோ ஒருவரின் மெசின்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது:

"மூன்று தரம் கேட்டன்.
ஓம். அந்தப் பக்கத்தாலதான் போனவள்."