கால் சுற்று

பகல் அவனுக்கு, இரவு எனக்கு.
பீட் கிழங்கு மலையாய்க் குவியும் களத்தில்
பன்னிரண்டு மணி நேரம் அவன்,
பக்கத்துக் களத்தில் பன்னிரண்டு மணி நேரம் நான்.
படுக்கை ஒன்றுதான்.
அறுவடை முடியும்வரை அது ஆறுவதே இல்லை.

வட டகோட்டா, அக்டோபர்.
என் களம் ஆறுக்கு விடும்,
அவன் களம் ஏழுக்குக் கூப்பிடும்.
நடுவில் இருக்கும் அரைமணி
நாங்கள் தம்பதி.

அந்த அரைமணியில்
சமையலறையைப் பழுது பார்க்கிறோம்.
ட்ரெய்லரின் விலாவிலிருந்து
மேசை இழுப்பறை மாதிரி வெளியே வரும் அறை அது.
அடுப்பு, சோபா, என் மூன்று கள்ளிச்செடிகள்
எல்லாம் ஏறிக்கொண்டு
மூன்றடி போய்ப் புல்மேல் நிற்கும்.
நிற்க வேண்டும்.
முன்மூலை போய்ச் சேர்ந்துவிடுகிறது.
பின்மூலைக்கு மட்டும்
எப்போதும் ஒரு விரற்கடை பாக்கி.
அந்த இடுக்கில் கனடாக் காற்று புகுந்து
நான் இல்லாத ராத்திரிகளில்
ஹால்வரின் காதுக்குள் விசிலடிக்கிறதாம்.

நான் உள்ளே, ஸ்விட்சில்.
அவன் வெளியே, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
சகதியில் மல்லாந்து.
பேச்சு இவ்வளவுதான்:
போ. நிறுத்து. வா.
நிறுத்துன்னு சொன்னேன்ல.
முப்பத்தோரு வருஷத்தில்
இத்தனை சுருக்கமாய் நாங்கள் சண்டை போட்டதில்லை.

சிலிண்டர் தண்டின் நுனியில்
பூட்டு நட்டைத் தளர்த்திக்
கால் சுற்று.
மறுபடி இறுக்கு. ஒரு நாளைக்கு அவ்வளவே.
அவசரப்பட்டு ஒன்றரைச் சுற்று திருகியதில்
சட்டம் கோணி, மரம் பிளந்தது
நெவாடாவில்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
திருகியது யார் என்றும்.

மூன்று வண்டி தள்ளியிருக்கும் டெல்பர்ட்
கிரீஸ் டப்பாவோடு வந்தார்.
"பல்வரிசையில் அள்ளிப் பூசு,
வெண்ணெயாய் வழுக்கும்."
இந்த ஊர்க் கறுப்பு மண் பறந்து வந்து
அதில் உட்கார்ந்தால்
அது வெண்ணெய் இல்லை, அரம்.
காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.
ரப்பர் பட்டைக்கு மட்டும் சிலிக்கான்,
அதுவும் துணியில் தொட்டு,
கண்ணுக்கு மை இடுகிற கனத்தில்.

பம்ப் ஒன்று, அறை இரண்டு.
எதற்குத் தடை குறைவோ
அது முதலில் நகரும்.
படுக்கையறைக்கு இளகின மனசு,
தொட்டதும் போய்விடும்.
சமையலறை காத்திருக்கும்
அழுத்தம் முழுக்கத் தன் பக்கம் திரும்பும்வரை.
இது கோளாறு அல்ல, இயல்பு
என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
உரக்கப் படித்துக் காட்டினேன்.
அவன் என்னைப் பார்த்தான், நான் அவனை.
எங்களில் படுக்கையறை யார் என்று
இருவருக்குமே தெரியவில்லை.

பதினோராம் நாள் மழை.
சேற்றில் லாரி இறங்காது,
இரண்டு களத்தையும் மூடிவிட்டார்கள்.
எண்ணெய் பார்த்துவிடலாம் என்றான்.
எல்லா அறையும் உள்ளே இருந்தால்தான்
தொட்டியின் அளவு நிஜம்;
வெளியே நிற்கும் அறை
எண்ணெயைக் கடன் வாங்கி வைத்திருக்கும்.

கூரையில் ஒட்டியிருந்த ஈர இலைகளை
நீளத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு
நனைந்து ஓடி வந்தான். இழுத்தேன்.
முன்மூலையும் பின்மூலையும்
ஒரே நேரத்தில் வந்து
டப்.
ஒரு சத்தம்தான். இரண்டு இல்லை.
பம்பின் குரல் கனத்தது.
அழுத்தம் நிலைக்கட்டும் என்று
இன்னும் நாலு எண்ணும்வரை விரலை எடுக்கவில்லை.

இப்போது சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே
ஒன்றரை அடி.
அதற்குள் நான், அவன்,
சொட்டுகிற மழைக்கோட்டு,
எங்கேயோ ஒரு கள்ளிச்செடி.
தொட்டி வெளியே, வண்டியின் முகப்பில்.
அவன் கதவுக்குப் போக நான் நகர வேண்டும்,
நான் நகர அறை நகர வேண்டும்,
ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால்.

"எண்ணெய்?" என்றேன்.

"எங்கே போய்விடப் போகிறது" என்றான்.