பொருத்தமான கட்டத்தில் புள்ளடி இடுக

படிவத்தில் இரண்டு கட்டம்:
மீளத் திரும்பியவர்.
ஏற்கும் சமூகத்தவர்.
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே
நிறோசன் தம்பி கேட்டார்,
அக்கா, நீங்கள் இரண்டாவதுதானே?

தம்பி,
நானும் திரும்பி வந்தவள்தான்.
செட்டிகுளத்துக் கூடாரத்திலிருந்து
ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் பன்னிரண்டு தகரத்தோடும்
ஒலுமடுச் சந்தியில் இறங்கியபோது
என்னை ஏற்பதற்கு
ஒரு பாலை மரமும்
அதில் இரண்டு குரங்கும் இருந்தன.
முந்தி வந்ததால் உள்ளூர்.
அவ்வளவுதான்.

சரி அக்கா என்றார்.
இரண்டாவதில் புள்ளடி போட்டார்.

முதலாவது கட்டம் பிரமிளாவுக்கு.
கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து
முப்பத்திமூன்று வயதில் திரும்பி வந்தவள்.
ஒருநாளும் வராத ஊருக்கு
எப்படித் திரும்புவது என்று
அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.
ஒரு கிரைண்டர் கொடுத்தார்கள்,
பச்சை நிறம், பக்கத்தில் ஸ்டிக்கர்.

கறண்ட் எடுக்கக் காணிக் கடிதம் வேண்டும்.
தகப்பனின் பேர்மிற்
எந்த இடப்பெயர்வில் தொலைந்ததென்று
தகப்பனுக்கே தெரியாது, அவரும் இல்லை.
மூன்று மாதமாக அந்தக் கிரைண்டர்
உரச் சாக்குக்குள் இருந்தது.

என்னிடம் லீசிங்கில் எடுத்த பிறிச்.
உள்ளே ஏழு சோடா.
மிச்சமெல்லாம் குளிர்.

"அக்கா, உங்க கடையில
ஒரு பிளக் கிடைக்குமாங்க?"
சந்திப் பொடியங்கள் சிரித்தாங்கள்,
படத்தில் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாளாம்.
நான் சிரிக்கவில்லை.
யூனிட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உண்மையைச் சொன்னால், எரிந்தது.
நான் வந்த நேரம் எனக்குத் தந்தது
ஒரு மண்வெட்டியும் இரண்டு கோழிக்குஞ்சும்.
ஒன்றைக் கீரி கொண்டுபோனது.

பார்ப்பம் என்றேன்.
பார்ப்பம் என்றால் இல்லை என்று
இங்கே எல்லாருக்கும் தெரியும்.
அவளுக்குத் தெரியாது.
மறுநாள் விடியவே
ஊறின உழுந்தை வாளியில் கொண்டுவந்து நின்றாள்.

ஊறின உழுந்தைத்
திருப்பி அனுப்ப முடியாது.

முதல் கிழமை பதினாலு பைக்கற்.
வவுனியா பஸ்ஸில் வந்துபோகிற ரீச்சர்மார் நாலு,
மருத்துவமாது ஒன்று.
சனிக்கிழமை கறண்ட் போனது.
இட்லி மா பொங்கிப் பைக்கற் வெடித்து
ஏழு சோடாவும் பிசுபிசுத்தன.
அன்றைக்குச் சண்டை.
உங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் என்று
நான் சொன்ன ஒரு சொல்
இன்னும் கடைக்குள் நிற்கிறது,
புளித்த மணம் போன பிறகும்.
அவள் பிறிச்சைத் துடைத்தாள்.
தட்டுத் தட்டாகத் துடைத்தாள்.
போய்விட்டாள்.

மூன்று நாள்.
எட்டுப் பேர் வந்து கேட்டார்கள், மா இல்லையா?
இல்லை என்று எட்டுத்தரம் சொன்னேன்.
கடைக்காரிக்கு ஒரு நாளைக்கு ஒருதரம் சொன்னாலே
வாய் கசக்கும்.

நாலாம் நாள் நானே ஊறப்போட்டேன்.
ஒரு கொத்து உழுந்துக்கு
எத்தனை கொத்து அரிசி என்று கேட்கிற சாட்டில்
அவளின் தகரக் கொட்டிலுக்குப் போனேன்.
மூணுங்க, என்றாள்.
பிறகு, மூண்டு, என்றாள்.
எனக்காகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.
வாளியை எடுத்துக்கொண்டு
எனக்கு முன்னாலே நடந்தாள்.

இப்போது நாளைக்கு முப்பது போகிறது,
பள்ளிக்கூட விடுமுறையில் பன்னிரண்டு.
கறண்ட் போகிற நாளில்
கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு
இரண்டு பேரும் பேசாமல் இருப்போம்.
நிறோசன் தம்பி படம் எடுக்க வந்தார்,
சிரிக்கச் சொன்னார்.
இரண்டாவது பிளக் பொயின்ற் ஒன்று தரலாமா என்று கேட்டோம்.
அதற்குப் படிவம் இல்லையாம்.

மாதக் கடைசியில் பில் காசில் பாதி தந்தாள்.
பத்து ரூபாய்க் குற்றி ஒன்றில்
மா ஒட்டிக் காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன், முழுதாகப் போகவில்லை.
அப்படியே லாச்சிக்குள் போட்டேன்.
பின்னேரம் யாருக்கோ
மிச்சக் காசாய்ப் போயிருக்கும்.