தாமதத்துக்குக் காரணம்

காட்பாடியில் பெரிய லைன்காரர்களுக்கு வாயும் பெரிது.
டபிள்யூ.பி. என்று சொல்லும்போதே
நெஞ்சு அரை அங்குலம் முன்னால் வரும்.
தோட்டா மூக்கு, மூக்கின் மேல் வெள்ளி நட்சத்திரம்,
புகைப்போக்கிக்கு ஒரு கிரீடம்.
"மெயில் உள்ள நுழையறப்போ பாருப்பா,
மாப்ள அழைப்பு கணக்கா இருக்கும்"
என்பான் கன்னியப்பன், டீ ஆறுவதற்குள் மூன்று தடவை.

நாங்கள் மீட்டர் கேஜ்.
எங்கள் ஒய்.பி.க்கு நட்சத்திரம் கிடையாது.

அப்துல் வாஜித்தின் அண்ணன் ஆம்பூரில்
ஷூவுக்குக் கட்டை செதுக்குகிறவர்.
அதனால் வாஜித்துக்கு எஞ்சினும் காலணிதான்.
"கூர்மூக்கு ஷோகேஸுக்குப்பா. நடந்தா கடிக்கும்.
ஒய்.பி.ய பாரு, எங்கனா ஒரு தையல் கோணுதா?
கொதிகலன் நீளத்துக்குச் சக்கரம்,
சக்கரத்து உயரத்துக்குப் புகைப்போக்கி.
அளவெடுத்தவன் கால் தெரிஞ்சவன்."

டெரிக் பழைய இங்கிலீஷ் எஞ்சினுக்காக வாதாடினார்.
வேண்டாத ஒரு குழாய்கூட வெளியே தெரியாதாம்.
"உள்ள இருக்கிற குழாய் வெடிச்சா எவன் கழட்டுறது?"
என்று ஃபிட்டர் எபநேசர் கேட்டதும்
அந்தக் கட்சிக்கு டெபாசிட் போயிற்று.

சாம்பல் குழியில் கரி பொறுக்கும் பட்டம்மாளைக் கேட்டோம்.
கூடையை இறக்காமலே சொன்னாள்:
"வேகாத கரிய எது நிறைய துப்புதோ அது."
அவள் ஓட்டு ஒய்.ஜி.க்கு,
எருமை மாதிரி கூட்ஸ் இழுக்கிற அதற்கு.

என்னையும் கேட்டார்கள்.
நான் ஃபயர்மேன். ஓடுகிற எஞ்சினின் முகம்
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது அடுப்பு வாய்,
கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் தண்ணீர்,
நடுங்கிக்கொண்டே உண்மை சொல்லும் ஒரு முள்.
முன்னால் போய்ப் பார்க்க நேரம் கிடைப்பது
ஷெட்டில், நெருப்பெடுத்த பிறகு.
அணைந்து கிடப்பவர் முகத்தைப் பார்த்து
அழகைப் பற்றி என்ன சொல்ல?

அந்த ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்தது.
வேலூர் மொத்தமும் கரைக்கு வந்து
மணல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனது.
இரவு விழுப்புரம் பாசஞ்சர்.
கன்டோன்மென்ட் சிக்னல் சிவப்பு.
நடுப்பாலத்தில் நிறுத்தினார் ஏகாம்பரம்.

அழுத்தம் விழாமல் இருக்க
அடுப்பைத் திறந்து நான்கு மண்வெட்டி போட்டேன்.
பிறகு, ஏன் என்று தெரியவில்லை, கீழே பார்த்தேன்.

முகம் தெரியும் என்று நினைத்திருந்தால் நான் முட்டாள்.
செம்மண் தண்ணீர் எதையும் திருப்பித் தராது.
ஆனால் சாம்பல் தட்டின் இடுக்கு வழியாக
ஸ்லீப்பர்களுக்கு நடுவே ஒழுகிய வெளிச்சம்
ஆற்றின் மேல் கிடந்தது,
ஒரு பாய் அகலத்துக்கு.
மரக்கிளை, செருப்பு, யார் வீட்டுக் கூரையோ,
எல்லாம் இருட்டிலிருந்து வந்து
அதற்குள் ஒரு கணம் சிவந்து
மறுபடி இருட்டுக்குப் போயின.
ஆறு ஓடியது. அந்தச் சிவப்பு ஓடவில்லை.

இத்தனை நாள் நான் அள்ளிப்போட்ட கரி
கீழே இப்படித் தெரிகிறதா?

பக்கத்தில் மூச்சு கேட்டது.
ஏகாம்பரமும் குனிந்திருந்தார்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
எப்போது பச்சை விழுந்ததோ.
பின்னாலிருந்து கார்டு விசில் ஊதினான்,
இரண்டு தடவை, பிறகு கோபமாக ஒரு தடவை.

பதினோரு நிமிடம் லேட்.
எட்டு நிமிடம் சிக்னலுடையது.
கன்டோன்மென்ட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
ஏகாம்பரம் பேனாவைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு
"ஆற்றில் தண்ணீர்" என்று எழுதினார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் கன்னியப்பன் கிரீடத்தைத் தொடங்கினான்.
நான் இன்னொரு பன் வாங்கிக்கொண்டேன்.